கொல்லை மாமரத்தின் உயரத்தைக் குறைப்பது எப்படி? முதல்முறை ரம்பம் எடுப்பவருக்கு

கஜா புயல் வந்துபோன 2018 நவம்பருக்குப் பிறகு, எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டை ஒட்டி உயரமான மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. ஐப்பசி நெருங்கினால் போதும், "அந்த மாமரத்த மொட்டை அடிச்சு விட்டுருங்க" என்று வீட்டுக்கு வீடு பேச்சு கிளம்பிவிடும். நானும் அப்படி அடித்தவன்தான். மறு வருஷமே, கொல்லையில் நின்ற முப்பதடி மாமரத்தை ஏணி எட்டிய மட்டத்தில், சுமார் பன்னிரண்டடியில், எல்லாக் கிளைகளையும் ஒரே கோடாக அறுத்துப் போட்டேன். அரை நாள் வேலை. சாயங்காலம் பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் விளக்குமாற்றைக் கவிழ்த்து வைத்தது போலப் பத்துப் பன்னிரண்டு குச்சிகள் கிளம்பின. எல்லாம் நேராக வானத்தைப் பார்த்து வளர்ந்தன. இரண்டு பருவம் ஒரு பிஞ்சுகூட இல்லை. அதுவரை வெயிலே படாமல் இருந்த கிளைகளின் மேற்குப் பக்கப் பட்டை வெந்து வெடித்தது. மூன்றாம் வருஷம் மரம் கிட்டத்தட்ட பழைய உயரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் பழைய பலத்தோடு அல்ல. மணிக்கட்டுக் கனத்துக்குப் பருத்திருந்த ஒரு குச்சி, புயலெல்லாம் இல்லை, சாதாரணக் காற்றில் அடியோடு பிய்ந்து ஓட்டின் மேல் விழுந்தது. பிய்ந்த இடத்தைப் பார்த்தால் வெறும் பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இயல்பாக வளர்ந்த கிளை தண்டின் கட்டைக்குள் வருஷா வருஷம் பின்னிக்கொண்டே வரும். அவசரத்தில் முளைத்ததற்கு அந்தப் பிடிப்பு இருக்காது. புயலுக்குப் பயந்து மொட்டை அடித்தேன். மூன்றே வருஷத்தில் புயலே தேவைப்படாத அளவுக்கு ஆபத்தான மரத்தை நானே வளர்த்துவிட்டேன்.

உயரத்தைக் குறைப்பதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. தோட்டக்கலைக்காரர்கள் கவாத்து என்பார்கள், எங்கள் ஊரில் மரம் கழிப்பது. உச்சிக் கிளையை எங்கே வேண்டுமானாலும் நறுக்காமல், அதற்குக் கீழே ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் ஒரு குட்டைக் கிளையைத் தேடி, அது பிரியும் இடம் வரை கழிக்க வேண்டும். இனி அந்தக் குட்டைக் கிளைதான் உச்சி. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்வதற்குத்தான்.

படி 1: எந்த மரம், எந்த மாதம்

தென்னை, பனை, பாக்கு மூன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அவற்றுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அதை எடுத்தால் மரம் செத்துப்போகும், உயரம் குறையாது. தென்னை உயரமாகிப் பயமுறுத்தினால் ஒன்று விட்டுவைக்க வேண்டும், இல்லை முழுதாக எடுக்க வேண்டும்.

முருங்கைக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினாலும் தழைத்து வந்து காய்க்கும். செடி முருங்கையில் மறுதாம்புக்கு, அதாவது வெட்டிய கட்டையே மறுபடி தழைத்துக் காய்ப்பதற்கு, அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஆனால் முருங்கையில் ஏறாதீர்கள், ஏணியையும் சாய்க்காதீர்கள். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்று சும்மாவா சொன்னார்கள். கொய்யா புதுத் தளிரில் காய்ப்பது, அதனால் கவாத்தைத் தாராளமாகத் தாங்கும். பழகிக்கொள்ள அதைவிட நல்ல மரம் இல்லை. பலா தண்டிலும் பெருங்கிளையிலும் காய்ப்பதால் உச்சியைக் குறைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. பால் பிசுபிசுக்கும், ரம்பத்திலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேம்பு எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையில்தான் தெருவுக்குத் தெரு அதை மொட்டை அடிக்கிறார்கள். தாங்குவது உண்மை. விளக்குமாற்றுக் குச்சிகளை அதிகம் விடுவதும் அதே வேம்புதான்.

மாமரத்துக்கு மாதம் முக்கியம். முற்றிய கிளை நுனியில்தான் அது பூக்கும், மார்கழி, தை வாக்கில். வெட்டிய பிறகு புதுத் தளிர் வந்து, இலை முற்றி, நுனி பூப்பதற்குத் தயாராகச் சில மாதங்கள் வேண்டும். எனவே காய் பறித்து முடித்த கையோடு, ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கழித்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு ஐப்பசியில் அவசரமாக வெட்டினால் அடுத்த பருவத்துக் காயையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். ஆடிக் காற்றில் ஏணி நிற்காதே என்றால், விடிந்ததும் காற்று எழும்புவதற்கு முன் தொடங்கி, ஒன்பது மணிக்கு இறங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு மரத்துக்கு மூன்று நான்கு காலை பிடிக்கும், பிடிக்கட்டும்.

சந்தனம், ஈட்டி போன்ற மரங்கள் உங்கள் சொந்தக் கொல்லையில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். மலைப்பகுதி ஊர்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மதிலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரம் உங்களுடையது அல்ல, நீங்களே நட்டிருந்தாலும்.

படி 2: ரம்பம் எடுக்காமல் ஒரு சுற்று

மரத்தைக் கிட்டே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று பக்கமிருந்தும் தள்ளி நின்று பாருங்கள். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? கிளை பிரியும் கவையில் விரிசல் ஓடுகிறதா? பட்டையில் ஓட்டை விழுந்து மரத்தூள் உதிர்கிறதா? மா, பலாவில் தண்டு துளைப்பான் வண்டின் புழு உள்ளே இருந்தால் இப்படித்தான் தூள் தள்ளும். ஒரு கட்டையால் தண்டைத் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் "தொம் தொம்" என்று பானைச் சத்தம் வந்தால் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் அந்த மரம் புதியவருக்கு ஆகாது, அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது கம்பி. மின்கம்பிக்குப் பத்தடிக்குள் வரும் கிளை எதுவானாலும் அது உங்கள் வேலை இல்லை. பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும், ஈர மூங்கில் தொரட்டியிலும் பாயும். அலுமினிய ஏணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. லைனை நிறுத்தச் சொல்லி, அவர்கள் ஆள் வந்து வெட்டிய பிறகு மிச்சத்தை நீங்கள் பாருங்கள்.

அப்புறம் குடியிருப்பவர்கள். இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பு, குளவிக் கூடு, தேன்கூடு, காக்கைக் கூடு. ஏணியில் பத்தாவது அடியில் நிற்கும்போது முசுறு கழுத்துக்குள் இறங்கினால் யாராலும் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் ஒரு மாதம் பொறுங்கள்.

உயரத்தை அளக்க ஒரு சுலப வழி. உங்கள் கை நீளத்துக்கு ஒரு குச்சி எடுத்து, கையை நேராக நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். மரத்தின் அடியும் உச்சியும் குச்சிக்குள் சரியாக அடங்கும் வரை பின்னால் நடங்கள். நிற்கும் இடத்திலிருந்து மரம் எத்தனை அடியோ, ஏறத்தாழ அதுவே அதன் உயரம். வீடு அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்பதும் கையோடு தெரிந்துவிடும்.

படி 3: எவ்வளவு குறைக்கலாம்

முப்பதடி மரத்தை ஒரே வருஷத்தில் இருபதடிக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். ஒரு வருஷத்தில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரம் என்றால் அதற்கும் குறைவு. இலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு. அதை மொத்தமாக இடித்தால் வேரில் சேர்த்துவைத்ததைச் செலவழித்து அவசர அவசரமாகக் குச்சி விடும், நான் பார்த்தது போல. இந்த வருஷம் நான்கடி, அடுத்த வருஷம் மூன்றடி, அதற்கடுத்து மூன்றடி என்று இறக்குங்கள்.

இப்போது உச்சியிலிருந்து கீழே கண்ணை ஓட்டுங்கள். குறைக்க வேண்டிய ஒவ்வொரு கிளையிலும், நீங்கள் நினைத்த உயரத்துக்குப் பக்கத்தில், வெளிப்பக்கம் பார்த்து வளரும் ஒரு பக்கக் கிளை வேண்டும். அது வெட்டப்போகும் கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கணக்கு வேண்டாம், கையை வைத்தே பார்க்கலாம். வெட்டும் இடம் மணிக்கட்டுக் கனம் என்றால், விட்டுவைக்கும் கிளை கட்டைவிரலுக்குக் குறையக் கூடாது. அதைவிட மெலிந்த கிளையால் அந்த இடத்தைக் காப்பாற்ற முடியாது. வெட்டு வாய் காய்ந்து பின்னோக்கிச் சாகும், இல்லை விளக்குமாறு கிளம்பும். நினைத்த உயரத்தில் அப்படி ஒன்று கிடைக்கவில்லையா? உயரத்தை மாற்றுங்கள். ஓரடி கூடுதலாக நிற்பதில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வெட்டும் இடங்களில் எல்லாம் தொரட்டியால் ஒரு கலர்த் துணியை மாட்டிவிட்டு, மறுபடி தள்ளிப்போய்ப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று துணியாவது இடம் மாறும். ஒரு பக்கம் மட்டும் குறைத்துவிட்டு மறுபக்கம் மரம் சாய்ந்து நிற்பது இந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும். மாமரத்தின் நடுவில் நேராக ஏறும் கிளை ஒன்றைச் சரியான பக்கக் கிளை வரை இறக்கினால் உயரமும் குறையும், உள்ளே வெயிலும் இறங்கும். ஆனால் உள்பக்கச் சிறு கிளைகளை எல்லாம் சுத்தமாக வழித்துவிட்டு நுனியில் மட்டும் கொத்துத் தழை விட்டுவைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். காற்றில் அந்த நுனிக்கொத்து நீளக் கம்பு நுனியில் கட்டிய கல் மாதிரி ஆடி, கிளையையே முறித்துவிடும்.

படி 4: சாமான்கள், ஏணி, உங்கள் எல்லை

விரல் கனம் வரை அரிவாள் போதும். அதற்கு மேல் கை ரம்பம்தான். அரிவாள் கட்டையைச் சிதைத்து நார் நாராக விடும். வளைந்த பல் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், ஏணியில் நிற்பவருக்கு அதுதான் வசதி. மரம் மாறும்போது ஸ்பிரிட்டால் பல்லைத் துடைத்துவிடுங்கள். தலைக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. லுங்கியோடு ஏறாதீர்கள். மாமரப் பால் சிலருக்குத் தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். முந்திரியும் மாவும் ஒரே குடும்பம், முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் சுடுவது போலத்தான் இதுவும்.

மோட்டார் ரம்பம் வேண்டவே வேண்டாம், குறிப்பாக ஏணியில். இரண்டு கையும் ரம்பத்தில் இருந்தால் மரத்தைப் பிடிக்கக் கை எங்கே இருக்கும்?

கனத்தைப் பற்றி எல்லோரும் ஏமாறுவார்கள். ஆறு அங்குலக் கனம், பத்தடி நீளம், வெறும் கட்டை. பச்சைக் கட்டை ஏறத்தாழத் தண்ணீரின் எடை. கணக்குப் போட்டால் ஐம்பது கிலோவை ஒட்டி வரும், தழை தனி. ஒரு சிமெண்டு மூட்டை தலைக்கு மேல் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் புதியவருக்கு நான் சொல்லும் எல்லை இதுதான்: கிளை மணிக்கட்டுக் கனத்துக்குள், நிற்கும் இடம் பன்னிரண்டடிக்குள், கீழே துணைக்கு ஓர் ஆள். அதற்கு மேலே இருப்பதைத் தரையில் நின்று நீளக் கம்பு ரம்பத்தால் எட்டினால் எட்டுங்கள். எட்டாவிட்டால், கயிறும் பெல்ட்டும் வைத்து ஏறத் தெரிந்தவருக்குக் கூலி கொடுங்கள். எந்தக் கிளை, எந்த இடம் என்று துணி கட்டிக் காட்டிவிட்டால் அவர் ஒரே மட்டமாக மொட்டை அடிக்க மாட்டார்.

ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி தள்ளி ஊன்றி, மேல்முனையைத் தண்டோடு கயிற்றால் கட்டுங்கள். அறுக்கப்போகும் கிளையிலேயே ஏணியைச் சாய்ப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் தெருவில் தேங்காய் பறிக்க வந்த பெரியவர். நான் கிளையில் ஏணி சாய்த்து ரம்பத்தை வைத்ததும் கீழே நின்று சத்தம் போட்டார். "தம்பி, எறங்கு முதல்ல. கெளை எங்க விழும்னு பாத்துட்ட. ஏணி எங்க விழும்னு பாத்தியா?"

"கிளை அந்தப் பக்கம்தானே ஐயா விழும்?"

"கெளை அந்தப் பக்கம் விழும். பாரம் போனதும் மிச்சக் கட்டை மேல எழும்பும். ஏணிக்குப் புடிப்பு எங்க இருக்கு?"

அவர் சொன்னபடி ஏணியைத் தண்டுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு அறுத்தேன். நுனி விழுந்ததும் மிச்சக் கட்டை ஒரு முழம் மேலே எழும்பியது. அதில் சாய்த்திருந்தால் ஏணியின் முனை அந்தரத்தில் நின்றிருக்கும்.

படி 5: மூன்று வெட்டு

கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், பாதி தாண்டும்போதே பாரம் இழுத்து முறியும். முறியும்போது அடிப்பட்டை தண்டு வரை கோவணத் துணி மாதிரி உரிந்துகொண்டு போகும். அந்தக் காயம் ஆறவே ஆறாது. அதனால்தான் மூன்று.

முதல் வெட்டு கீழிருந்து. கடைசியாக வெட்டப்போகும் இடத்துக்கு ஓரடி வெளியே, கிளையின் அடிப்பக்கத்தில் ரம்பத்தை வைத்துக் கால் பங்கு ஆழம் வரை மேல்நோக்கி அறுங்கள். ரம்பம் இறுகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அது போதும்.

இரண்டாவது மேலிருந்து. முதல் வெட்டுக்கு இரண்டு அங்குலம் வெளியே அறுங்கள். பாதிக்கு மேல் போனதும் "சடக்" என்று முறிந்து விழும். உரிதல் முதல் வெட்டுக்கு வந்ததும் நின்றுவிடும்.

மூன்றாவது வெட்டுதான் மரத்துக்குக் கணக்கு. மிச்சமிருக்கும் ஓரடிக் குச்சியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கிளை சேரும் இடத்தை நன்றாகப் பாருங்கள். கிளையின் அடியில் ஒரு மெல்லிய வீக்கம், மோதிரம் போட்ட விரல் மாதிரி சுற்றி வரும். மேல்பக்கக் கவையில் பட்டை மடிந்து கறுப்பாக ஒரு வரி ஓடும். கிளையை முழுதாக எடுப்பதாக இருந்தால், அந்த வீக்கத்தைத் தொடாமல் அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். மொழு மொழுவென்று இருக்கட்டுமே என்று தண்டோடு ஒட்டி வழித்தால், காயத்தை மூடுகிற சதையையே எடுத்துவிடுகிறீர்கள். ஒரு சாண் குச்சி விட்டால் அது செத்து மக்கி உள்ளே அழுகலை இறக்கும். உயரத்தைக் குறைக்க உச்சிக் கிளையை எடுப்பதாக இருந்தால், விட்டுவைக்கும் பக்கக் கிளையின் கவை வரிக்குச் சற்று மேலே தொடங்கி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாழும்படி சாய்வாக அறுங்கள். வெட்டு வாயில் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடும்.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரத்துக்கு நம் தோல் மாதிரி காயம் ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மேலே புதிதாக வளர்கிறது என்று காட்டினார். அந்தச் சுவர் எழும்பும் இடம்தான் நாம் தொடக் கூடாது என்ற அந்த வீக்கம்.

கீழே ஓடோ, பூச்செடியோ இருந்தால் கிளையைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். மேலே பலமான ஒரு கவையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை வெட்டும் கிளையில் கட்டி, மறுமுனையைக் கீழே அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அந்த மூன்று சுற்றின் உராய்வே பாரத்தைத் தாங்கும், கீழே நிற்பவர் மெதுவாக விட்டுக்கொடுத்தால் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கவே கூடாது.

படி 6: வெட்டிய பிறகு

காயத்தில் சாணி, தார், மிச்சமான பெயிண்ட் எல்லாம் அப்புகிறார்கள். அழுகலை அவை தடுப்பதில்லை, தாருக்கு அடியில் ஈரம் தங்குவதுதான் மிச்சம். ஷிகோ எந்தப் பூச்சும் வேண்டாம் என்பார். ஆனாலும் நம் ஊர் மாமரத்தில், நுனியிலிருந்து காயவைக்கும் பூஞ்சைக்கும் காயம் பட்ட பட்டையில் முட்டையிடும் வண்டுக்கும் பயந்து போர்டோ பசை தடவச் சொல்கிறார்கள், நானும் தடவுகிறேன். ஒரு வீட்டு மரத்துக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டையும் அரை அரை லிட்டரில் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்பு, தகர வாளி ஆகாது. ஒரு இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கையுறை போட்டுத் தடவுங்கள், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், குழந்தைகள், ஆடு மாடு பக்கம் வைக்காதீர்கள்.

புதிதாக வெயில் படும் கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அதைவிட முக்கியம். என் மரத்தின் பட்டை வெடித்ததற்குக் காரணம் அதை அடிக்காததுதான். மேல்பக்கமும் மேற்குப் பக்கமும் அடித்தால் போதும். மழை வரும் வரை வாரம் ஒருமுறை, தழை விரிந்திருக்கும் எல்லைக்கு நேர் கீழே தண்ணீர் விடுங்கள். உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், மறுபடி குச்சிதான் வரும்.

இரண்டு மூன்று மாதத்தில் வெட்டு வாயைச் சுற்றிக் கொஞ்சம் தளிர் வரத்தான் செய்யும். எல்லாவற்றையும் கிள்ளி எறியாமல், ஒரு சாண் வளர்ந்ததும் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கையாலேயே ஒடியுங்கள். அந்தப் பதத்தில் ரம்பம் தேவைப்படாது. அடுத்த ஆடியில் ஏணியை வைப்பதற்கு முன், போன வருஷ வெட்டுகளைப் போய்ப் பாருங்கள். சரியாக விழுந்த வெட்டைச் சுற்றிப் புதுப் பட்டை ஒரு வளையமாக உருண்டு உள்ளே வந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வளையம் வராமல் நின்றிருந்தால், அந்தப் பக்கம் ரம்பம் வீக்கத்துக்குள் போய்விட்டிருக்கிறது. இந்த வருஷம் அந்தப் பக்கம் ஒரு நூல் வெளியே பிடியுங்கள்.